பயம் மேடம் மாட்டிய சிவப்புப் போர்டு

ஆபீஸில் அவர் இல்லாதபோது எல்லோரும் அவரைப் 'பயம் மேடம்' என்றுதான் சொல்வார்கள். தெலுங்கிலும் பயம் என்றால் பயம்தான். அதனால் அந்தப் பெயருக்கு யாரும் விளக்கம் கேட்டதில்லை. அந்த மாடியில் தமிழ் பேசியது நாங்கள் இரண்டு பேர் மட்டும். நான் ஈரோட்டிலிருந்து ஹைதராபாத்துக்கு வேலைக்கு வந்தவள். அவர் அங்கேயே லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். அக்கா என்று கூப்பிடுவேன்.

லிஃப்டில் தனியாக ஏறமாட்டார். கூட ஆள் இருந்தால் ஏறுவார். ஏறியதும் அவசர மணிப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வார். தினமும் அதே லிஃப்ட்தான், பொத்தானும் இடம் மாறுவதில்லை, ஆனாலும் பார்ப்பார். கேபில் போனால் டிரைவரிடம் "ஆஹிஸ்தா பையா, ஆஹிஸ்தா" என்று மெதுவாகப் போகும்படி வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வருவார். தீயணைப்பு ஒத்திகைக்கு மணி அடித்தால் நாங்கள் காபியைக் குடித்து முடித்துவிட்டு ஆடி அசைந்து இறங்குவோம். அவர் முதல் ஆளாக இறங்கி, வாசலில் நின்று, வருகிறவர்களை எண்ணிக்கொண்டிருப்பார். யார் இன்னும் வரவில்லை என்று அவருக்குத்தான் தெரியும்.

"என்னங்க்கா, இதுக்கெல்லாமா இப்படிப் பயப்படுவீங்க?" என்று ஒருமுறை சிரித்தேன்.

"ஹவ் ஹவ், ஆமாம்மா, நல்லா சிரி. நிஜமா எரியறப்ப நீ காபி கப்போடதான் நிப்ப."

எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. இன்னொருவர் பயத்தைப் பக்கத்து நாற்காலியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க வேலை செய்வது லேசான காரியமில்லை.

எங்கள் கம்பெனி செய்தது ஆஸ்பத்திரிக் கருவிக்கான மென்பொருள். நோயாளியின் கையில் ஏற்றும் மருந்தைச் சொட்டு பிசகாமல் செலுத்தும் பம்பு இருக்கிறதே, அதன் மூளை எங்களுடையது. பம்பையும் அதன் மேலிருக்கும் திரையையும் வேறொரு ஊரிலிருந்த வாடிக்கையாளர் கம்பெனி செய்தது. அவர்கள் எங்கள் கோடை, அதாவது நாங்கள் எழுதிய நிரலை, திறந்து பார்ப்பதில்லை. எந்தக் கட்டளை என்ன செய்யும் என்று நாங்கள் எழுதிக் கொடுக்கிற டாக்குமெண்டைப் படித்துவிட்டுத்தான் திரையில் பொத்தான்களை வைப்பார்கள்.

நான் எழுதிய கோடைச் சரிபார்க்க அவரிடம்தான் அனுப்ப வேண்டும். திறக்கும் முன்பே கேட்பார்.

"இதுல உனக்கு எதும்மா பயமா இருக்கு?"

"ஒண்ணுமில்லைங்க்கா. எல்லாம் ஓட்டிப் பாத்துட்டேன்."

"அப்ப நீயே இன்னும் இதைப் படிக்கல. போ, படிச்சிட்டு வா."

திறந்துகூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பிவிடுவார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்து படிப்பேன். படித்தால் ஏதாவது ஒரு மூலையில் 'இது இப்படி ஆகிவிட்டால்?' என்று தோன்றும். அதைப் போய்ச் சொன்னால் முகம் மலர்ந்து, "ஹவ், இப்ப குடு" என்பார். மற்றவர்கள் மீட்டிங்கில் 'ரிஸ்க்' என்று கௌரவமாகச் சொல்வதை அவர் "எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லிவிடுவார். பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருக்கும் அறையில் அதைக் கேட்டால் நமக்குக் கூச்சமாக இருக்கும்.

கோடுக்குள் மனிதர்கள் படிப்பதற்காக மட்டும் எழுதுகிற வரிகளுக்குக் கமெண்ட் என்று பெயர். இயந்திரம் அவற்றைத் தாண்டிப் போய்விடும். அவர் எழுதும் கமெண்ட் ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஆனால் ஆங்கில எழுத்தில் 'பயம்' என்று போட்டுத்தான் தொடங்குவார். 'பயம்: இதை இரண்டு தடவை கூப்பிட்டால் அளவு இரட்டிப்பாகும்.' கடைசியில் அவருடைய இனிஷியல். எல்லோரும் கமெண்டை ஃபங்க்ஷன் என்கிற ஒவ்வொரு கோடுத் துண்டின் தலைமாட்டிலும், வீட்டு வாசலில் பெயர்ப்பலகை மாதிரி எழுதுவோம். அவர் உள்ளே போய், எந்த வரி ஆபத்தோ அந்த வரிக்கு ஒட்டினாற்போல் எழுதுவார்.

ஏன் என்று கேட்டதற்குக் கேன்டீனில் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"அப்பா ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டர். ரயில் கோச்சுக்கு அடியில ஆள் இறங்குனா சிவப்பு போர்டு மாட்டுவாங்க. அதை வாசல் கேட்டுல மாட்டுனா என்ன பிரயோஜனம்? உள்ளே அத்தனை கோச்சு நிக்குது. ஆள் எதுக்கு அடியில இருக்கானோ அதுலயே மாட்டணும். இன்னொண்ணு, மாட்டுனவன்தான் எடுக்கணும். ஜெனரல் மேனேஜரே வந்தாலும் அதைத் தொடக்கூடாது."

"அதான் இனிஷியலா?"

"ஹவ். என் போர்டை யாராச்சும் எடுத்தாங்கன்னா நான் அடியில இருக்கேன்னு நெனச்சுக்கோ."

டாக்குமெண்ட் அப்போதெல்லாம் கையால் எழுதியதுதான். எப்போதும் தாமதமாகும், எப்போதும் திட்டு விழும். புதிதாக வந்த மேனேஜர் ஒரு டூலைக் கொண்டுவந்தார். நல்ல மனிதர், வரங்கல்காரர், யாரையும் கடிந்து பேசமாட்டார். அந்த டூல் ஒவ்வொரு மாலையும் கோடு முழுவதையும் மேய்ந்து, கமெண்டுகளை எடுத்துப் பக்கம் பக்கமாக அடுக்கி, நீல எழுத்தில் இணைப்புகளோடு டாக்குமெண்டாக்கி வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடும். நடுவில் மனிதர் யாரும் வேண்டாம். முதல் நாள் அது திரையில் விரிந்தபோது நாங்கள் கைதட்டினோம். அக்கா தட்டவில்லை.

"இது படிக்காதும்மா. பொறுக்கும்" என்றார் என்னிடம்.

மீட்டிங்கிலும் விடவில்லை. "என் போர்டெல்லாம் வருமா?" என்று கேட்டார். டூலை அமைத்த பையன் "எல்லாக் கமெண்டும் வரும் மேடம்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்த கமெண்ட் எல்லாம் தலைமாட்டுக் கமெண்ட்தான். ஃபங்க்ஷனின் உள்ளே எழுதியதை அந்த டூல் தொடாது என்பதோ, ஒருவர் உள்ளே எழுதுவார் என்பதோ அவனுக்குத் தோன்றியிருக்காது. அந்த மாதமே அக்காவை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அவர் அந்த டாக்குமெண்டைத் திறக்க வேண்டிய தேவையே வரவில்லை.

பிறகு ஒருநாள் காலை வாடிக்கையாளரோடு ஒரு வீடியோ கால் இருந்தது. பழைய ஆள் என்று அக்காவையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்து இன்ஜினியர் உற்சாகமாக இருந்தார். புதுத் திரை பிரமாதமாக வந்திருக்கிறது, லேபில் எல்லாச் சோதனையும் தேறிவிட்டது, உங்கள் ஹைதராபாத்திலேயே ஒரு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் நேற்று மாட்டிவிட்டோம் என்றார். எப்படிச் செய்தோம் பாருங்கள் என்று டாக்குமெண்டைத் திரையில் காட்டினார். 'நிறுத்து' கட்டளை: பம்பை நிறுத்தும். 'தொடர்' கட்டளை: பம்பைத் தொடர்ந்து ஓட்டும். இரண்டு வரி, நீல எழுத்து, அழகாக இருந்தது.

அக்கா நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தார். சுவரில் இருந்த திரைக்குப் பக்கத்தில் போய் நின்று அந்தப் பக்கத்தை மேலும் கீழும் பார்த்தார். தொலைந்துபோன பொருளைத் தேடுகிற மாதிரி கை திரையைத் தடவியது.

"என் போர்டு எங்கே?" என்றார் தமிழில். பிறகு ஆங்கிலத்தில், வீடியோ காலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

யாரோ அந்தப் பக்கம் சிரித்தார்கள். மேனேஜர் எங்கள் மைக்கை அணைத்தார்.

இதற்குள் எனக்கும் ஞாபகம் வந்துவிட்டது. அந்தப் பம்பு எந்த நேரத்துக்குள் எவ்வளவு மருந்து போயிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே ஓடும். 'நிறுத்து' என்றால் மோட்டார் நிற்குமே தவிர கணக்கு நிற்காது. கணக்கை அழிக்காமல் 'தொடர்' என்றால், நிறுத்தி வைத்த நேரத்துக்கெல்லாம் சேர வேண்டிய மருந்தை ஒரே மூச்சில் தள்ளிவிடும். பழைய திரைகள் தாமே கணக்கை அழித்துவிட்டுத் தொடரும்படி எழுதப்பட்டவை. அவற்றுக்குப் பங்கம் வரும் என்று மேலே இருந்தவர்கள் இதை மாற்ற விடவில்லை. அதனால்தான் அக்கா அந்த வரியிலேயே போர்டு மாட்டியிருந்தார். டூல் அதை எடுக்கவில்லை, புதுத் திரை செய்தவர்களுக்கு அது தெரியாது. லேபில் யாரும் பம்பை நிறுத்திவிட்டு நெடுநேரம் காத்திருக்கமாட்டார்கள். நிறுத்துவார்கள், உடனே ஓட்டுவார்கள், ஒரு சொட்டு கூடினால் கண்ணுக்குத் தெரியாது. வார்டில் அப்படியில்லை. குழந்தையை ஸ்கேனுக்குத் தூக்கிக்கொண்டு போனால் எப்போது திரும்பும் என்று யார் சொல்ல முடியும்?

நான் சொல்லச் சொல்ல மேனேஜருக்கும் புரிந்துவிட்டது. ஆனாலும் பழக்கம் விடாதே. "மேடம், முந்து ஒக மெயில் பெடதாம்" என்றார். முதலில் ஒரு மெயில் போடலாமாம்.

அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அந்த ஆஸ்பத்திரி நம்பர் தேடு" என்றார் என்னிடம். தேடிக் கொடுத்தேன். நான்தான் டயல் செய்து ஸ்பீக்கரில் போட்டேன். ரிசப்ஷனில் எடுத்து, குழந்தைகள் வார்டு என்றதும் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டுவிட்டார்கள். புல்லாங்குழல். அந்த இசையை இன்றைக்கு எங்கே கேட்டாலும் எழுந்து வெளியே போய்விடுவேன். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு வார்டில் யார் விரல் எந்தப் பொத்தான் மேல் இருக்கிறதோ என்று நான் நினைத்துக்கொண்டே இருந்தேன். லிஃப்டில் தனியாக ஏறாத அந்த மனுஷி மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார்.

பாட்டு நின்றது. ஒரு நர்ஸ் எடுத்து ஹிந்தியில் என்ன வேண்டும் என்றார்.

"சிஸ்டர், வோ நயா பம்ப் ஹை நா, உஸ்கோ நக்கோ சலாவ், நக்கோ..." என்று, புதுப் பம்பை ஓட்ட வேண்டாம் எனத் தொடங்கிய அக்கா பாதியில் நின்றார். என்னைப் பார்த்து, "ஐயோ, எப்படிம்மா சொல்றது?" என்றார்.

"எனக்குத் தமிழ் அறியும், சொல்லுங்க சேச்சி" என்றது அந்தக் குரல். கேரளத்துப் பெண்.

"புதுசா ஒரு பம்பு வந்திருக்கே சிஸ்டர், அதை யாராச்சும் நிறுத்தி வெச்சிருக்கீங்களா?"

"ஒண்ணு நிறுத்தி, பாஸ்ல இருக்கு. கொச்சு, குழந்தை, எக்ஸ்ரேக்குப் போயிருந்துச்சு. இப்பதான் கொண்டு வந்து கிடத்தினோம். நீங்க ஆரு?"

"அதை எழுதினவ. சிஸ்டர், கெஞ்சிக் கேக்கறேன், ஸ்டார்ட் அமுக்காதீங்க. முதல்ல புள்ளை கையிலேருந்து ட்யூபைக் கழட்டுங்க."

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். போனில் செருப்புச் சத்தம், கட்டில் கிரீச்சென்றது, குழந்தை ஒன்று சிணுங்கியது. சிணுங்கல் கேட்டதும் நான் அழுதுவிட்டேன். சிணுங்குகிற குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதுகூட அந்த நேரத்தில் எனக்குப் புரியவில்லை.

"கழட்டி சேச்சி. இனி?"

"நுனியை ஒரு ட்ரேல பிடிச்சிட்டு ஸ்டார்ட் அமுக்குங்க. எங்களுக்குக் கேக்கட்டும்."

கிர்ர்ரென்று ஒரு சத்தம் வந்தது. சொட்டுச் சொட்டாக ஓட வேண்டிய பம்பு மிக்ஸி மாதிரி ஓடியது. ஸ்டீல் ட்ரேயில் மருந்து பீய்ச்சி அடிப்பது போனிலேயே கேட்டது. அது நிற்பதாயில்லை. நாங்கள் எல்லோரும், அணைத்த மைக்குக்கு இந்தப் பக்கம், மூச்சு விடாமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"என்டம்மே" என்றார் நர்ஸ். பிறகு குரல் உடைந்து, "நான் ஸ்டார்ட் மேல விரலை வெச்சிட்டேன் சேச்சி. போன் மணி அடிச்சதுன்னுதான் விரலை எடுத்தேன்" என்றார்.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று மதியமே அந்தப் பம்புகளை வார்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். கோடையும் மாற்றினார்கள். இத்தனை நாள் முடியாது என்றது ஒரே வாரத்தில் முடிந்தது. பாராட்டு வந்ததா என்றால், இல்லை. வாடிக்கையாளரைக் கேட்காமல் ஆஸ்பத்திரிக்கு நேரே எப்படிப் பேசலாம் என்றுதான் பெரிய இடத்திலிருந்து கேள்வி வந்தது. மேனேஜர் அதைத் தன் தலையில் வாங்கிக்கொண்டார், அதைச் சொல்லியாக வேண்டும்.

கோடுக்குள் இருக்கும் பயங்களையெல்லாம் ஒரு ஸ்கிரிப்ட் எழுதித் தலைமாட்டுக்கு நகர்த்திவிடலாம், டூல் எடுத்துக்கொள்ளும் என்று அந்தப் பையன் சொன்னான். அக்கா விடவில்லை. "நக்கோ. மாட்டுனவதான் எடுக்கணும்" என்று தானே உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகப் படித்தார், உதடு அசையும். ஆபத்து தீர்ந்துவிட்டதென்றால் அழித்தார். தீரவில்லை என்றால் மேலே ஒன்று எழுதி, கீழே இருந்ததையும் அப்படியே விட்டார். அந்த வேலை முடிந்ததும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். காரணம் கேட்டதற்கு, "எனக்கு இப்பல்லாம் புல்லாங்குழல் கேக்குதும்மா" என்று மட்டும் சொன்னார். வழியனுப்பு விழாவில் யாரோ, "மேடம், இனிமேலாவது பயம் போயிடுமா?" என்று கேட்டார்கள். "கைக்கு போகணும்? ஏன் போகணும்? அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார். லோத்குண்டாவில் வீடு வாங்கிக்கொண்டு போனார் என்று கேள்விப்பட்டேன். பழைய நம்பர் வேலை செய்யவில்லை.

நான் இப்போது கொண்டாப்பூரில் வேறொரு கம்பெனியில் இருக்கிறேன். இங்கே கமெண்டையும் டூலே எழுதுகிறது. கோடைப் பார்த்து ஒரு டூல் கமெண்ட் எழுதும், அதைப் பொறுக்கி இன்னொரு டூல் டாக்குமெண்ட் எழுதும். ஆங்கிலம் மணிமணியாக இருக்கும். அக்காவை நினைத்துக்கொண்டு ஒருநாள், 'இதில் உனக்கு எது பயம்?' என்று அதனிடமே கேட்டேன். ஒவ்வொரு ஃபங்க்ஷனுக்கும் ஒரு எச்சரிக்கை எழுதித் தள்ளியது, இரண்டு எண்ணைக் கூட்டுவதற்குக்கூட. எல்லாக் கோச்சிலும் சிவப்புப் போர்டு தொங்கினால் ஆள் எதற்கு அடியில் இருக்கிறான் என்று எப்படித் தெரியும்? எதிலும் இனிஷியல் வேறு இல்லை.

போன மழைக்காலத்தில் என் மகளுக்கு டெங்கு வந்தது. இன்சூரன்ஸ் எங்கே செல்லும் என்று பார்த்துச் சேர்த்தோம், அது அக்கா அன்று போனில் பேசிய அதே ஆஸ்பத்திரி, அதே குழந்தைகள் வார்டு. கட்டிலுக்குப் பக்கத்தில் கம்பத்தில் ஒரு பம்பு. வேறு கம்பெனிப் பம்பு, புதிது, பளபளவென்று திரை. நான் தூங்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அம்மா, ஊருக்கோ அம்மா" என்றாள் மகள். சும்மா இரு என்கிறாள். தமிழில் திட்டினால் தெலுங்கில்தான் பதில் வரும் அவளுக்கு.

மதியம் அவளை ஸ்கேனுக்குக் கொண்டுபோய்த் திரும்பினார்கள். சின்ன வயசு நர்ஸ் ஒருத்தி வந்தாள். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அவள் பொத்தானைத் தொடவில்லை. முதலில் மகள் கையிலிருந்து ட்யூபைக் கழற்றினாள். நுனியை ஸ்டீல் ட்ரேயில் பிடித்தாள். பிறகு ஸ்டார்ட்டை அமுக்கி, சொட்டு சீராக விழுகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். அதற்கப்புறம் நுனியைத் துடைத்து மாட்டினாள்.

ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"தெலீது மேடம். மா சீனியர் சிஸ்டர் நேர்ப்பிந்தி. இக்கட அந்தரூ இலாகே" என்று சிரித்தாள். தெரியாதாம். சீனியர் சொல்லிக் கொடுத்தாராம், இங்கே எல்லோரும் இப்படித்தானாம். அந்த சீனியர் எங்கே என்றேன். வேலையை விட்டுவிட்டுக் கேரளத்துக்கே போய்விட்டாராம். புது மெஷினுக்கு இதெல்லாம் தேவையில்லை, புத்தகத்திலும் இல்லை என்று கம்பெனி ஆள் சொல்லிவிட்டுப் போனாராம். வீண் வேலை, நாளையிலிருந்து விட்டுவிடலாம் என்று இருக்கிறார்களாம்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நாக்கு பயங்கா உந்தி" என்றேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

என் அரைகுறைத் தெலுங்கில் எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்புப் போர்டு, நீல எழுத்து, போன் மணி, ட்ரேயில் பீய்ச்சிய சத்தம், விரலை வைத்துவிட்டேன் என்று உடைந்த குரல். முதலில் சிரித்துக்கொண்டே கேட்டாள். பிறகு சிரிப்பு நின்றது. கண் பக்கத்துக் கட்டிலுக்குப் போனது. அங்கே ஒரு பையனின் பம்பு நிறுத்தி வைத்திருந்தது. அவள் என் கையை உதறிவிட்டு ஓடிப்போய், முதல் வேலையாக அவன் கையிலிருந்து ட்யூபைக் கழற்றினாள்.

அவள் விரல்கள் நடுங்கின. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.